வரியில் விரல் வைத்துச் சொல்லும் வாசகர் எங்கே கிடைப்பார்? குமரி வலைப்பதிவர்களுக்கு ஒரு மதிப்புரை

குமரி மாவட்டத்தில் எழுத விஷயத்துக்குப் பஞ்சமில்லை. தோவாளை பூச்சந்தை, திற்பரப்பு அருவி, ஊர்க்கோயில் கொடை, ரப்பர் தோட்டம், கடற்கரைச் சமையல் என்று ஊருக்கு நாலு பதிவு எழுதலாம். பஞ்சம் வேறு இடத்தில் இருக்கிறது. வெளியிடும் முன்பே ஒரு பதிவை வரிவரியாகப் படித்து, இந்த இடம் புரியவில்லை, இந்தத் தகவல் தப்பு, இந்தப் பத்தி இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை என்று சொல்கிற ஆள் கிடைப்பது அரிது. வீட்டில் காட்டினால் நன்றாயிருக்கிறது என்பார்கள். வாட்ஸாப்பில் அனுப்பினால் கட்டைவிரல் வரும். இரண்டும் மனசுக்கு இதம். ஆனால் அடுத்த பதிவு இதைவிட நன்றாக வர இரண்டுமே உதவாது.

கூடிப் படித்து விவாதிக்கும் பழக்கம் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. நாகர்கோவிலில் எழுத்தாளர் சுந்தர ராமசாமியின் வீட்டில் நடந்த ‘காகங்கள்’ கூட்டங்களைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். ஆனால் பேச்சிப்பாறைக்காரரும் நீரோடிக்காரரும் வாராவாரம் நாகர்கோவிலுக்கு பஸ் ஏறி வர முடியாது. இன்று அந்த வேலையை இணையத்தில்தான் செய்தாக வேண்டும். பிரதிலிபி, வாட்பேட், தமிழ் விக்கிப்பீடியா, கூகுள் டாக்ஸில் கூடும் சிறு குழு ஆகிய நான்கையும் இங்கே ஒரே அளவுகோலால் பார்க்கிறேன். படிக்கிறவர் ஒரு குறிப்பிட்ட வரியில் விரல் வைத்து, அங்கே என்ன கோளாறு என்று சொல்ல அந்த இடம் எவ்வளவு வழி செய்கிறது என்பதுதான் அது. வாசகர் எண்ணிக்கை, வருமானம், போட்டிப் பரிசு எதையும் கணக்கில் எடுக்கவில்லை.

பிரதிலிபி

2014-ல் தொடங்கிய பெங்களூரு நிறுவனம். தமிழ் உட்பட 12 இந்திய மொழிகளில் இயங்குகிறது. செயலியை இறக்கி, மொழியைத் தேர்ந்து, அன்றைக்கே எழுதத் தொடங்கிவிடலாம். தமிழில் வாசகர் கூட்டம் நிஜமாகவே பெரிது. முக்கியமாகத் தொடர்கதைக்கு. பயணக் கட்டுரை, ஊர் வரலாறு எழுதுகிறவர்களுக்கு அந்தக் கூட்டத்தில் சிறு பங்குதான் கிடைக்கும்.

வாசகர் ஐந்து நட்சத்திரத்துக்குள் மதிப்பெண் தருவார், கீழே விமர்சனம் எழுதுவார். அந்த விமர்சனம் பகுதி முழுமைக்கும் சேர்த்து வருவது. பதினெட்டாம் பத்தியில் ஒரு பாத்திரத்தின் பெயர் மாறிப்போயிருக்கிறது என்றால், எந்த இடம் என்று வாசகரே விளக்கி எழுத வேண்டும். கைபேசியில் படித்துக்கொண்டு போகிறவர் அதற்கு நிற்க மாட்டார். அதனால்தான் விமர்சனப் பெட்டியில் பெரும்பாலும் ‘அருமை’, ‘சூப்பர்’, ‘அடுத்த பகுதி எப்போது?’ என்று ஒற்றை வரியாக விழுகிறது. வாசகரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. பெட்டி அப்படி அமைந்திருக்கிறது.

இதற்குள்ளும் பயன் எடுக்க இரண்டு வழி உண்டு. முதலாவது, பகுதிவாரியாகப் படித்தவர் எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. முதல் பகுதிக்கும் இரண்டாவதுக்கும் இடையே கொஞ்சம் குறைவது எல்லாத் தொடருக்கும் இயல்பு. ஐந்தாவதிலிருந்து ஆறாவதுக்குப் போகும்போது திடீரென்று பாதியாகக் குறைந்தால், ஐந்தாவதன் கடைசி இரண்டு பக்கத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். அங்கே கதை முடிந்துபோன மாதிரி எழுதப்பட்டிருக்கும், அல்லது புதிதாக நாலு பேரை ஒரே நேரத்தில் அறிமுகப்படுத்தியிருக்கும். இரண்டாவது, பகுதியின் அடியில் ‘உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்’ என்று போடாமல் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகப் போடுவது. ‘மேரி ஏன் வீட்டைவிட்டுப் போனாள் என்று உங்களுக்குப் புரிந்ததா?’ என்று கேட்டால், புரியவில்லை என்று சொல்லவும் ஒருவருக்குத் துணிச்சல் வரும்.

ஒரு எச்சரிக்கை. ‘வேறெங்கும் வெளிவராத படைப்பு’ என்று நிபந்தனை போடும் இதழ்களும் போட்டிகளும், பொதுவில் ஏற்றிய எதையும் வெளியானதாகவே எடுத்துக்கொள்ளும். இதழுக்கு அனுப்பும் எண்ணம் இருக்கிற கதையை இங்கே ‘சும்மா கருத்துக்காக’ ஏற்றக் கூடாது.

வாட்பேட்

2006-ல் டொராண்டோவில் தொடங்கியது. ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியே கருத்து இடலாம் என்பது இதன் பெரிய பலம். அளவுகோலை மட்டும் பார்த்தால் பிரதிலிபியைவிட ஒரு படி மேல். ஆனால் தமிழில் இங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் இளவயதுக் கதை வாசகர்கள். கட்டுரைக்கு ஆள் கிடைப்பது கடினம். கதை எழுதுகிறவர்கள் ஏற்றும் முன் பத்திகளை மூன்று நான்கு வரிக்குள் உடைத்துக்கொள்வது நல்லது. கருத்து பத்தியோடு ஒட்டிக்கொள்வதால், பத்தி பெரிதானால் எந்த வாக்கியத்தைச் சொல்கிறார்கள் என்றே தெரியாது.

தமிழ் விக்கிப்பீடியா

எழுத்துப் பயிற்சிக்கு இதை யாரும் பரிந்துரைப்பதில்லை. பரிந்துரைக்க வேண்டும். 2003-லிருந்து இயங்கும் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு வாக்கியத்தை எழுதினால், அது உண்மையா, எங்கே பார்த்தது என்ற கேள்வி உடனே பின்னால் வரும். சான்று இல்லாத வரிக்குப் பக்கத்தில் ‘மேற்கோள் தேவை’ என்று ஒருவர் குறி போட்டுவிட்டுப் போவார். ‘இயற்கை எழில் கொஞ்சும் எங்கள் ஊர்’ என்று தொடங்கினால் அந்த வரி அடுத்த நாள் இருக்காது. ஊர்ப்பெருமை எழுதிப் பழகிய கைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

கணக்கு தொடங்கியதும் நேராகக் கட்டுரைக்குள் கை வைக்காமல், ஒவ்வொரு பயனருக்கும் உள்ள மணல்தொட்டியில் எழுதிப் பார்க்கலாம். ஏற்கெனவே உள்ள கட்டுரை ஒன்றை, உங்கள் ஊர்க் குளம், கால்வாய், கோயில் என்று எதையாவது எடுத்து, மூன்று வாக்கியமும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றும் சேர்ப்பது நல்ல தொடக்கம். சேமிக்கும்போது வரும் தொகுப்புச் சுருக்கப் பெட்டியில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். பிறகு ‘வரலாறு’ பக்கத்தைத் திறந்தால், யார் எந்தச் சொல்லை மாற்றினார்கள் என்பது பழையதும் புதியதும் அருகருகே தெரியும். மாற்றியது ஏன் என்று புரியாவிட்டால் உரையாடல் பக்கத்தில் கேட்கலாம். பொதுவான சந்தேகத்துக்கு ஒத்தாசைப் பக்கம் இருக்கிறது. சொந்த வலைப்பதிவில் வந்ததை அப்படியே இங்கே ஒட்டுவது, குடும்பத்தினரைப் பற்றிக் கட்டுரை தொடங்குவது, சொந்தப் பதிவையே சான்றாகக் காட்டுவது ஆகிய மூன்றும் நீக்கப்படுவதற்கான வழக்கமான காரணங்கள். ஒட்டினால் எழுதியவர் நீங்கள்தான் என்று அவர்களுக்குத் தெரியாது. காப்புரிமை மீறல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

இங்கே பழகிய கண்ணுக்கு நம்மூர்ப் பதிவுகளில் உள்ள தவறுகள் தானாகவே தட்டுப்படும். திருவள்ளுவர் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 133 அடி என்பது பீடத்தையும் சேர்த்த அளவு. பீடம் 38 அடி, சிலை 95 அடி. ‘133 அடி உயரச் சிலை 38 அடி பீடத்தின் மேல் நிற்கிறது’ என்று எழுதினால் 38 அடியை இரண்டு தரம் கூட்டியதாகிவிடும். விவேகானந்தர் பாறையிலிருந்து சிலைக்குப் படகில்தான் போக வேண்டும் என்று எழுதிய பழைய பதிவுகளும் இன்று தவறு. 2024 டிசம்பர் 30-ல் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்தாகிவிட்டது. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் நீளம் ஓரிடத்தில் ஒரு கிலோமீட்டர் என்றும் இன்னோரிடத்தில் 1240 அடி என்றும் உலவுகிறது. 1240 அடி என்றால் 378 மீட்டர். ஒன்றுக்கொன்று இரண்டரை மடங்குக்கு மேல் வித்தியாசமுள்ள எண்களில் கைக்குக் கிடைத்ததை எழுதாமல் சான்றோடு எழுதும் பழக்கம் இங்கே படியும்.

குறை என்ன என்றால், விக்கி நடை விக்கிக்குத்தான். அங்கே குரல் இருக்கக் கூடாது. பதிவில் குரல் இல்லாவிட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். தகவல் ஒழுங்கை எடுத்துக்கொண்டு நடையை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

கூகுள் டாக்ஸில் ஆறு பேர்

நான்கில் இதற்குத்தான் முதலிடம். இதை நடத்த எந்த நிறுவனமும் இல்லை, விளம்பரமும் இல்லை. ஒருவர் வரைவை ஏற்றுகிறார், மற்ற ஐந்து பேர் ஓரத்தில் கருத்து எழுதுகிறார்கள். கருத்து ஒரு சொல்லோடு, ஒரு கால்புள்ளியோடுகூட ஒட்டிக்கொள்ளும். கேட்ட அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. செலவும் கிடையாது. கூகுள் கணக்கோடு வரும் 15 ஜிபி இடம் எழுத்துக்கு ஏராளம்.

ஆறு என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. வாரம் ஒருவர் வரைவு என்று வைத்தால் ஆறு வாரத்துக்கு ஒரு முறை உங்கள் முறை வரும். அதற்குள் புதிதாக ஒன்று எழுதிவிடலாம். பன்னிரண்டு பேரைச் சேர்த்தால் முறை வர மூன்று மாதம். அதற்குள் பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள். மூன்று பேர் என்றால் ஒருவர் கல்யாண வீட்டுக்குப் போனாலே வாரம் படுத்துவிடும். வரைவு 800 முதல் 1200 சொல்லுக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் கருத்துகள் எல்லாம் முதல் பாதியில் குவியும், பின்பாதி படிக்கப்படாமலேயே ‘நல்லாயிருக்கு’ ஆகிவிடும்.

வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். ஞாயிறு இரவு வரைவு ஏறும். புதன் இரவுக்குள் ஐந்து பேரும் கருத்து எழுதி முடிக்க வேண்டும். ஆளுக்குக் குறைந்தது மூன்று கருத்து. அதில் ஒன்றாவது எழுத்துப்பிழையைத் தாண்டியதாக இருக்க வேண்டும். புதன் வரைக்கும் எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. இந்த ஒரு விதியைத் தளர்த்தினால் குழு கெட்டுப்போகும். ‘நான் என்ன சொல்ல வந்தேன்னா’ என்று எழுதியவர் ஓரத்தில் விளக்கத் தொடங்கியதும், அடுத்துப் படிப்பவர் வரைவை விட்டுவிட்டு விளக்கத்தைப் படிப்பார். பதிவை வெளியிட்ட பிறகு ஒவ்வொரு வாசகருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க முடியாது அல்லவா? வியாழன், வெள்ளியில் திருத்தம். சனிக்கிழமை திருத்திய வடிவை மறுபடி காட்டினால் போதும்.

பகிரும்போது கவனிக்க வேண்டியவை சில. ‘இணைப்பு உள்ள யாரும்’ என்று திறந்துவிட வேண்டாம். ஐந்து பேரின் மின்னஞ்சலைச் சேர்த்து, உரிமையைக் ‘கருத்திடுபவர்’ என்று கொடுங்கள். ‘திருத்துபவர்’ என்று கொடுத்தால் யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் வாக்கியத்தையே மாற்றி எழுதிவிடுவார், மூலம் எது என்று தேட வேண்டியிருக்கும். கருத்திடுபவர் செய்யும் மாற்றம் எல்லாம் பரிந்துரையாக நிறம் மாறித் தெரியும். ஏற்கவோ தள்ளவோ எழுதியவரால் முடியும். கணினியில் சொற்களைத் தேர்ந்து கண்ட்ரோல், ஆல்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கருத்துப் பெட்டி வரும். கைபேசியில் செயலி தனியாக வேண்டும். சொல்லை அழுத்திப் பிடித்தால் கருத்துச் சேர்க்கும் வழி தோன்றும். ஏற்றியவுடன் பதிப்பு வரலாற்றில் ‘முதல் வரைவு’ என்று பெயரிட்டு வைத்துவிடுங்கள்.

கோதையாறு, பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். வரைவில் படங்களைப் போடாதீர்கள். ‘படம்: சந்தை வாசல்’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதினால் போதும். ஆயிரம் சொல் தமிழ் எழுத்து இருபது முப்பது கிலோபைட்தான். நாலு படம் சேர்ந்தால் திறக்கவே திறக்காது. செயலியில் ஆஃப்லைன் வசதியை இயக்கி வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் படிக்கலாம்.

டிடிபி கடையில் அடித்து வாங்கிய கோப்பு என்றால் பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் இருக்கும். டாக்ஸில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஏற்ற வேண்டும். மாற்றிய பின் துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’, ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒள’ என்று நிற்கிறதா பாருங்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடலில் மாட்டாது.

ஏற்றும் முன் வாணி எழுத்துப்பிழை திருத்தியிலும் நாவி சந்திப்பிழை திருத்தியிலும் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். இரண்டும் இணையத்தில் இலவசம். ஐந்து பேரின் நேரமும் ‘இங்கே க் வரும், அங்கே ப் வராது’ என்பதிலேயே கழிந்துபோவதை இது தடுக்கும். வட்டார வழக்கை மட்டும் அதனிடம் விட்டுவிடாதீர்கள். மரச்சீனியும் கொல்லாம்பழமும் அக்கானியும் அதன் அகராதியில் இல்லாமல் போகலாம். பிழை என்று காட்டினால் தாண்டிப் போய்விட வேண்டியதுதான்.

ஒரு பத்தி எப்படி மாறுகிறது

இப்படி ஒரு வரைவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

“தோவாளை பூச்சந்தை மிகவும் பழமை வாய்ந்தது. இங்கே எல்லா விதமான பூக்களும் கிடைக்கும். ஓணம் சமயத்தில் சென்றால் மனதைக் கொள்ளை கொள்ளும் காட்சிகளைக் காணலாம். பூக்களின் வாசம் நம்மை வேறொரு உலகத்துக்கே அழைத்துச் செல்லும்.”

பொதுவெளியில் இதற்கு ‘அருமையான பதிவு, சந்தையை நேரில் பார்த்த உணர்வு’ என்று கருத்து வரும். ஆனால் இந்த நாலு வரியில் சந்தை இல்லை. தோவாளையை எடுத்துவிட்டு ஓசூர் என்று போட்டாலும் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை. நல்ல குழுவில் ஓரக் கருத்துகள் இப்படி இருக்கும்.

‘மிகவும் பழமை’ என்ற இடத்தில்: எவ்வளவு? சான்று இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் வரியே வேண்டாம். ‘எல்லா விதமான பூக்களும்’ என்ற இடத்தில்: எல்லாம் என்றதும் ஒன்றுமே கண்ணில் நிற்கவில்லை. அங்கே நிஜமாகக் கிடக்கும் பூவில் மூன்றின் பெயர் சொல்லுங்கள். ‘ஓணம் சமயத்தில்’ என்ற இடத்தில்: பதிவின் உயிரே இதுதான், ஒரு சொல்லில் தாண்டிவிட்டீர்கள். யார் வாங்க வருகிறார்கள், எதற்கு? ‘வேறொரு உலகத்துக்கே’ என்ற இடத்தில்: இதை எந்த ஊர்ப் பதிவிலும் படிக்கலாம், எடுத்துவிடுங்கள்.

ஐந்து நாள் கழித்து வருவது:

“ஓணத்துக்கு முந்தின நாள்களில் கேரள வண்டிகள் ராத்திரியே தோவாளைக்கு வந்து நிற்கும். அத்தப்பூக்கோலத்துக்குக் கிரேந்தியும் வாடாமல்லியும் கோழிப்பூவும் வேண்டும். இவையெல்லாம் மூட்டையாகவே கைமாறும். பிச்சிக்கும் மல்லிக்கும் அப்படி இல்லை. தராசு வரும், பேரம் நடக்கும்.”

நீளம் அதே அளவுதான். பண்டம் வேறு. இதில் ஒரு சொல்லையும் குழு எழுதித் தரவில்லை என்பது முக்கியம். கேள்விதான் குழுவுடையது, பதில் சந்தையைப் பார்த்தவருடையது. ‘நானாயிருந்தா இப்படி எழுதுவேன்’ என்று முழுப் பத்தியையும் தன் நடையில் எழுதித் தருகிறவர் நல்ல மனுஷராக இருப்பார். நல்ல கருத்தாளர் அல்ல. நாலு தரம் இப்படி நடந்தால் ஆறு பேரின் பதிவும் ஒரே குரலில் பேசத் தொடங்கிவிடும்.

யாரைச் சேர்ப்பது

மாவட்டம் சின்னது, ஆனால் மலையும் வயலும் கடலும் தனித்தனி உலகம். ஆறு பேரும் நாகர்கோவில் டவுனாக இருந்தால் ஆறு பேருக்கும் தெரியாதவை ஒன்றாகவே இருக்கும். தோவாளை அல்லது அகஸ்தீஸ்வரத்திலிருந்து ஒருவர், கடற்கரையிலிருந்து ஒருவர், குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டக்காரர் ஒருவர், விளவங்கோட்டிலிருந்து ஒருவர், கட்டாயம் மாவட்டத்துக்கு வெளியே இருந்து ஒருவர் என்று சேர்த்தால் வரைவு நாலா பக்கமும் சோதனைக்கு உள்ளாகும்.

‘சாயங்கால வெயிலில் அவன் பால் வெட்டிக்கொண்டிருந்தான்’ என்று கதையில் ஒரு வரி வந்தால், டவுன்காரர்கள் நாலு பேரும் தாண்டிப் போய்விடுவார்கள். தோட்டக்காரர் நிற்பார். பால் வெட்டுவது விடியலில். குளிர்ச்சியில்தான் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருந்து பால் நன்றாக ஒழுகும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். மழைக்கவசம் கட்டாத மரத்தில் அடைமழை நாளில் வெட்டுவதாக எழுதினாலும் அவர் விடமாட்டார்.

கடற்கரைக்காரர் பிடிக்கும் தவறு இன்னும் நுட்பமானது. ‘மே மாதம், தடைக்காலம், குளச்சல் துறைமுகத்தில் விசைப்படகுகள் கரையில் நின்றன’ என்று ஒரு வரி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மாவட்டத்துக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள்தான், ஆனால் மே மாதம் குளச்சல் விசைப்படகு கடலில் இருக்கும். சென்னையிலிருந்து படிக்கிற ஆயிரம் பேருக்கு இது தெரியாமல் போகலாம். குளச்சலிலிருந்து படிக்கிற ஒருவர் அந்த வரியோடு பதிவை மூடிவிடுவார்.

மாவட்டத்துக்கு வெளியே இருந்து ஒருவர் எதற்கு என்றால், நமக்கு எது விளங்காமல் போகும் என்று நமக்கே தெரியாது. விளவங்கோட்டுப் பேச்சில் ‘வெள்ளம் குடிச்சான்’ என்று உரையாடலில் வந்தால் கோவைக்காரர் ஒரு நொடி தடுக்கி விழுவார். அதற்காகத் ‘தண்ணீர்’ என்று மாற்ற வேண்டாம். பக்கத்தில் ஒரு செம்போ கிணறோ தெரியும்படி செய்தால் சொல் தானே விளங்கிவிடும். அடிக்குறிப்பு மூன்றாவது வழி, அதுவும் பதிவுக்கு ஒன்று இரண்டுக்கு மேல் போனால் வாசகர் களைத்துவிடுவார். எங்கே தடுக்கிறது என்று சொல்ல வெளியூர்க்காரர், அந்தச் சொல் சரியாக விழுந்திருக்கிறதா என்று சொல்ல உள்ளூர்க்காரர், இரண்டு பேரும் வேண்டும்.

எங்கே கெடும்

வயதும் மரியாதையும் முதல் சிக்கல். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் குழுவில் இருந்தால் ‘சார், இந்தப் பத்தி வேண்டாம்’ என்று கல்லூரிப் பெண் எழுத மாட்டாள். வயதில் இளையவர் முதலில் கருத்து எழுத வேண்டும், மூத்தவர் கடைசியில் என்று முறை வைத்தால் இது பாதி தீரும். முன்னால் ஒரு மூத்தவர் ‘பிரமாதம்’ என்று எழுதியிருந்தால் பின்னால் வருகிறவர் மாற்றிச் சொல்லத் தயங்குவார்.

இரண்டாவது, மாற்றி மாற்றிப் புகழ்வது. நான் உனக்கு, நீ எனக்கு என்று தொடங்கிவிட்டால் நிறுத்துவது கஷ்டம். இதற்கு ஆளுக்கு மூன்று கருத்து என்ற எண்ணிக்கை விதி ஓரளவு உதவும். ‘எந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தத் தோன்றியது?’ என்ற கேள்விக்கு எல்லாரும் பதில் எழுத வேண்டும் என்று வைப்பது இன்னும் நன்றாக உதவும். ஒருவருக்கும் எங்கும் தோன்றவில்லை என்றால் பதிவு நிஜமாகவே நன்றாக இருக்கிறது, அல்லது யாரும் முழுக்கப் படிக்கவில்லை.

மூன்றாவது புதிது. ஏஐ-யிடம் வரைவைக் கொடுத்து வந்த பதிலை அப்படியே ஓரத்தில் ஒட்டுவது. ‘உணர்வுபூர்வமான தொடக்கம், இன்னும் விவரங்கள் சேர்த்தால் சிறக்கும்’ என்று எந்த வரியோடும் ஒட்டாமல் மிதக்கும் கருத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். குளச்சல் தடைக்காலத்தை அது பிடித்துத் தரும் என்று நம்பி இருக்க முடியாது. அடுத்தவரின் வெளிவராத எழுத்தை அனுமதி இல்லாமல் வேறொரு சேவையில் ஏற்றுவதும் முறையல்ல.

மதமும் சாதியும் தொடும் பதிவுகள் நம் மாவட்டத்தில் வரத்தான் செய்யும். வரியைப் பற்றி மட்டும் பேசலாம், எழுதியவர் எந்தக் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போகிறார் என்பது கருத்தில் வரக் கூடாது என்று முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும். பிறகு வைத்தால் யாரையோ குறிவைத்த மாதிரி ஆகிவிடும்.

வாட்ஸாப் குழுவை அறிவிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ‘வரைவு ஏறியாச்சு, புதன் கடைசி’, அவ்வளவு போதும். நீண்ட எழுத்தை அது பாதியில் மடக்கிவிடும். அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம்தான். குரல் செய்தியில் விமர்சனம் சொல்லும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. ஏழு நிமிடம் பேசுவார்கள், அதில் ஒன்று நல்ல யோசனையாக இருக்கும், ஒரு வாரம் கழித்துத் தேடினால் கிடைக்காது. குழுவில் சேர்ந்தால் தொலைபேசி எண் எல்லாருக்கும் தெரியும் என்பதால் பெண்கள் பலர் சேரத் தயங்குகிறார்கள். அது நியாயமான தயக்கம். எழுத்துக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்று வைத்து டாக்ஸில் மட்டும் இருக்க அவர்களுக்கு இடம் விட வேண்டும்.

ஆள் தேடும் இடம்

மாவட்ட மைய நூலகத்தின் வாசகர் வட்டம், நாகர்கோவில் கல்லூரிகளின் தமிழ்த்துறை, பிரதிலிபியில் உங்கள் கதைக்கு வந்த விமர்சனங்களில் ‘அருமை’யைத் தாண்டி ஒரு இடத்தைச் சுட்டிக்காட்டிய ஓரிருவர். கடைசியில் சொன்னவர்களை விட்டுவிடாதீர்கள், அவர்கள்தான் அரிது. யாரைச் சேர்ப்பதானாலும் முதலில் 300 சொல்லில் ஒரு பத்தியைக் கொடுத்துப் பாருங்கள். ‘நன்றாயிருக்கிறது’ என்று திரும்பி வந்தால் நன்றி சொல்லிவிடலாம். ‘மூணாவது வரியில அந்த ஆளு யாருன்னு எனக்குப் பிடிபடல, அண்ணே’ என்று வந்தால் அன்றைக்கே மின்னஞ்சலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.